பதிவேட்டில் பதினாலு பேர்

மங்கல்நாலா
12 ஜனவரி 2025

என்னங்க,

பொங்கலுக்கு நான் வரவில்லை. கப்பல் ரத்து. கடலில் காற்று என்று ஜெட்டியில் சொன்னார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் பிஸ்வாஸ் சார் என் காதருகே வந்து, "ஹவா கஹான் மேடம், காத்தெல்லாம் இல்ல, இஞ்சின் கராப்" என்றார். காற்றோ இஞ்சினோ, மூட்டை கட்டின பையைத் தூக்கிக்கொண்டு திரும்ப நடந்து வந்தது நான்தான்.

போனில் சொல்லலாம் என்றால் இந்த ஊர் டவர் உங்களுக்குத் தெரியாததா? "கேக்குதா, கேக்குதா" என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தி முடிப்பதற்குள் கட்டாகிவிடும். அதனால்தான் காகிதம். ஆஸ்பத்திரி நர்ஸ் மங்கையர்க்கரசி அக்கா நாளை ஒரு நோயாளியோடு ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் வருகிறார். ஒவ்வொரு தடவையும் டாலிகஞ்சில் நம் வீடு வரை வந்து கொடுத்துவிட்டுப் போகிறார், பாவம். ஒரு டீயாவது போட்டுக் கொடுங்கள்.

ஒரு வருஷம் மட்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இது மூன்றாவது பொங்கல். நான் வரும்போது மீனாவுக்கு ஐந்து வயது. இப்போது எட்டு. நடுவில் விழுந்து முளைத்த பல்லெல்லாம் நான் பார்க்காத பல். இதை எழுதும்போதே அழுகை வருகிறது, அதனால் ஸ்கூல் கதைக்கு வருகிறேன்.

தமிழ்ப் புத்தகங்கள் மெயின்லேண்டிலிருந்து போன வாரம் வந்து சேர்ந்தன. ஏப்ரலில் தொடங்கின வருஷத்துக்கு ஜனவரியில் புத்தகம். அதிலும் மூன்றாம் வகுப்புக் கட்டைப் பிரித்தால் இந்திப் புத்தகம். ஆனால் பெரிய டிவி ஒன்று வந்திருக்கிறது, சுவரில் மாட்ட. அந்தச் சுவருக்கு மேலே கூரை ஒழுகுகிறது என்று மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்றும் உங்கள் கல்வி ஆபீஸுக்குத்தான் வந்திருக்கும். கொஞ்சம் தேடிப் பாருங்களேன், பாபுஜி!

தினமும் மத்தியானச் சாப்பாட்டைப் படம் எடுத்து இரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். சிக்னலுக்காகப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஜெட்டிவரை நடக்கிறேன். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. படம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். என் தமிழ்ப் பிரிவுப் பதிவேட்டில் பதினாலு பேர். வகுப்பில் உட்காருவது ஒன்பது. மற்ற ஐந்து பேரும் அப்பா அம்மாவோடு மெயின்லேண்ட் போய் ஒரு வருஷமாகிறது. டி.சி. வாங்காமல் போய்விட்டார்கள். பத்துக்குக் கீழே போனால் பிரிவை மூடிவிடுவார்களாம். அதனால் பிஸ்வாஸ் சார், "நாம் ரஹ்னே தோ மேடம், பேர் இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். தினமும் அந்த ஐந்து பேருக்கு நேரே பேனாவை வைக்கும்போது எனக்குக் கை கூசுகிறது.

மீனாவின் தலையை நீங்களா பின்னுகிறீர்கள்? எப்படிப் பின்னுகிறீர்களோ.

உமா

*

டாலிகஞ்ச்
27 ஜனவரி 2025

உமா,

"தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது" என்று தொடங்கிவிட்டு அடித்தேன். பதினெட்டு வருஷ கிளார்க் வேலை கையை விட்டுப் போகுமா.

தலையை நான் பின்னவில்லை. கீழ்வீட்டு ஹுஸ்னா அக்கா பின்னிவிடுகிறார். ஸ்கூல் விட்டதும் நம் பெண் அவர் வீட்டில்தான் இருக்கிறாள், நான் ஆபீஸிலிருந்து வரும்வரை. வீட்டுக்கு வந்தவுடன் பேப்பரை விரித்துக் கப்பல் அட்டவணையைப் பார்ப்பாள். உன் தீவுக்குக் கப்பல் உண்டா இல்லையா என்று எனக்கு அவள்தான் சொல்கிறாள்.

உன் கூரைக் கடிதங்களைத் தேடினேன். மூன்றும் இருக்கின்றன, பத்திரமாக. ஒன்றின் மேல் "பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறது. யார் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை.

உன்னை இங்கே அட்டாச்மெண்டில் கூப்பிட மறுபடியும் மனு கொடுத்தேன். பேர் தீவில், ஆள் போர்ட் பிளேரில் ஃபேனுக்கு அடியில். அப்படி ஆறு டீச்சர்கள் எங்கள் மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சூப்பரின்டென்டெண்ட் ஜெகநாதன் சார் மனுவைத் திருப்பிக் கொடுத்து, "முத்துராஜ், அவங்களுக்கெல்லாம் மேல ஆள் இருக்கு. ஒனக்கு யாருப்பா இருக்கா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கும் யாராவது இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஆனால் வேறு ஒரு வழி தெரிகிறது. நடந்தால் ஏப்ரலில் நீ நம் வீட்டில் இருப்பாய். இப்போது கேட்காதே. நீ இல்லாத வீட்டில் நாற்காலிகள்கூட வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கின்றன.

முத்துராஜ்

*

மங்கல்நாலா
18 பிப்ரவரி 2025

என்னங்க,

என்ன வழி? பிடி கொடுக்காமல் எழுதினால் எனக்குச் சோறு இறங்குமா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. போன வியாழக்கிழமைக் கப்பலில் இரண்டு ஆபீஸர்கள் வந்தார்கள். மூன்று வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் ஆபீஸர்கள். கூரையைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நான் ஒரு பைத்தியக்காரி, ஓடிப்போய் இளநீர் வெட்டச் சொன்னேன். அவர்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே என் அறைக்கு வந்து, "தமிழ் ரெஜிஸ்டர்" என்றார்கள். பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி விரலை நீட்டி எண்ணினார்கள். ஒன்பது. பிறகு இல்லாத ஐந்து பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்து, "கஹான் ஹை?" எங்கே என்று கேட்டார்கள். நான்காம் வகுப்பு கோகுல், கேட்டதும் பதில் சொல்கிற பிள்ளை, "தூத்துக்குடி கயா சார்" என்றான். நான் உண்மையைச் சொல்லத்தானே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்!

பிஸ்வாஸ் சாருக்கு மெமோ. பொய்ப் பதிவு என்று. டிசம்பரில் ரிட்டையர் ஆகிற மனுஷன். வராந்தாவில் உட்கார்ந்து, "கிஸி நே லிகா ஹை மேடம், யாரோ எழுதிப் போட்டிருக்காங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் எழுதியிருப்பார்கள்? இந்த ஊரில் எழுதத் தெரிந்தவர்களே பத்து பேர். அவன் கை விளங்காமல் போக!

உமா

*

டாலிகஞ்ச்
6 மார்ச் 2025

உமா,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. நீ சாபம் கொடுத்த கை இது.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை, மீனா மேல் சத்தியம். பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை ஃபைல் இப்போது என் மேஜையில். அதில் ஒரு வரி எழுதினேன், "மங்கல்நாலா தமிழ்ப் பிரிவின் மெய்யான எண்ணிக்கை நேரில் சரிபார்க்கப்படலாம்" என்று. அவ்வளவுதான். போன வருஷம் இன்னொரு தீவில் இப்படித்தான் ஒரு பிரிவை மூடினார்கள். அந்த டீச்சர் மறு மாதமே போர்ட் பிளேரில். நீயும் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். மூன்று வருஷமாக மனு கொடுத்து நடக்காதது ஒரு வரியில் நடந்துவிடும் என்று நினைத்தேன். அந்த டீச்சர் யாருடைய தங்கச்சி என்று ஜெகநாதன் சார் நேற்றுத்தான் சொன்னார்.

ஆர்டர் நகல் இத்துடன் இருக்கிறது. ஏப்ரல் முப்பதாம் தேதி பத்துப் பிள்ளைகள் இல்லையென்றால் தமிழ்ப் பிரிவு மூடப்படும். இருப்பவர்கள் இந்திப் பிரிவில் உட்கார வேண்டும். உன்னை வடகோடிப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு முழு நாள் பஸ். அதை டைப் அடித்ததும் நான்தான். உன் பெயர் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர், "ஜல்தி, சீக்கிரம்ப்பா, சாஹிப் கிளம்புறாரு" என்றார். அடித்து முடித்தேன்.

ஊர் முழுக்க இந்த ஆபீஸைத் திட்டும்போது, உள்ளே நம்மைப் போல நாலு பேர் இருக்கிறோமே என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. இப்போது அந்த நாலு பேரில் நான் இல்லை.

முத்துராஜ்

*

மங்கல்நாலா
14 மார்ச் 2025

உங்கள் கடிதத்தைப் பிஸ்வாஸ் சார் முன்னால்தான் பிரித்தேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நல்ல வேளை. "கர் மே சப் டீக்? வீட்ல எல்லாம் நலமா?" என்று கேட்டார். நலம் என்றேன்.

நான் புருஷனுக்கு எழுதினேன். படித்தது கிளார்க்.

இனி உங்களுக்கு என்ன எழுதுவது? மழை பெய்தது என்று எழுதினால் அதற்கும் ஒரு ஃபைல் திறப்பீர்கள்.

*

டாலிகஞ்ச்
31 மார்ச் 2025

உமா,

நர்ஸ் அக்கா நேற்று வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். பையில் ஒன்றும் இல்லை என்று சொல்ல அவருக்குத்தான் சங்கடம். "எழுதுவாங்க தம்பி, கொஞ்சம் ஆறட்டும்" என்றார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

மீனா கேட்டாள், "அம்மா ஏம்ப்பா லெட்டர் போடல?" என்று. பரீட்சை வேலை என்றேன். "மிஸ்ஸுக்கு என்ன பரீட்சை?" என்று கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டியாவது ஒரு வரி எழுது. உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

முத்துராஜ்

*

மங்கல்நாலா
9 ஏப்ரல் 2025

என்னங்க,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

போன மாதம் ஒரு பையன் ஐந்து முடித்து இந்திப் பிரிவுக்குப் போய்விட்டான். மிச்சம் எட்டு. செல்லத்தின் கடைக்குட்டி ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும், சேர்ந்தால் ஒன்பது. அதற்கு மேல் இந்த ஊரில் படிக்கிற வயதில் தமிழ்ப் பிள்ளை கிடையாது. செல்லம் யாரென்று உங்களுக்குத் தெரியும், கோகுலுடைய அம்மா, பாக்குத் தோட்டத்தில் வேலை. இருந்தாலும் பெற்றவர்களையெல்லாம் கூப்பிட்டு, சேர்ந்து ஒரு மனு எழுதுவோம், பிரிவை விடக்கூடாது என்று பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். தாய்மொழி, அது இது என்று.

செல்லம் எழுந்தாள்.

"டீச்சர், ஒங்க மேல கோவமில்ல. எங்க தாத்தாவ சிலோன்லேருந்து கூட்டியாந்து இங்க எறக்குனாங்க. ரோடு தாறோம், ஆஸ்பத்திரி தாறோம், இஸ்கூல் தாறோம்னாங்க. குடுத்ததுல ஒழுங்கா இருந்தது இந்த இஸ்கூல் ஒண்ணுதான். இப்ப அதையும் வெரலு விட்டு எண்ணி எடுத்துக்கிட்டுப் போறாங்க. எங்க புள்ளைங்க தமிழ்ல படிக்கணும்னு நீங்க சொல்றீங்க, சரி. ஒங்க புள்ள எந்த இஸ்கூல்ல படிக்குது?"

போர்ட் பிளேரில் என்றேன்.

"அது தெரியும் டீச்சர். எந்த இஸ்கூலு?"

தனியார் இங்கிலீஷ் மீடியம் என்று சொன்னேன். வேறென்ன செய்ய? யாரும் என்னைத் திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். செல்லம் தன் கடைக்குட்டியைச் சேர்க்காமலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

உங்களைத் திட்டின வாயால் என்னையும் திட்டிக்கொண்டேன். மீனாவுக்கு நாலு வயதில் அந்தப் பள்ளியின் விண்ணப்பம் வாங்க விடிகாலை வரிசையில் நின்றோமே, நீங்கள் முன்னால், நான் பின்னால். நம் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் அரசுப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் அரசு டீச்சர், நீங்கள் அரசு கிளார்க். ஒரு நாள் உள்ளே போய் எட்டிப் பார்த்தோமா? உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்ததால்தான் போகவில்லை. அரசாங்கத்தை நம்பாதவர்களில் நாம்தான் முதல் ஆட்கள். செல்லம்தான் கடைசிவரை நம்பினாள்.

மீனாவை அனுப்புங்கள் என்று நான் கேட்க மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பத்தாவது நம்பராக நிறுத்தினால் எனக்கும் அந்த ஆபீஸர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆனால் அவள் இங்கே என் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. நேற்றெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது அவள் எந்தப் பெஞ்சில் உட்காருவாள் என்று பார்த்தேன்.

உமா

*

டாலிகஞ்ச்
18 ஏப்ரல் 2025

உமா,

இந்தக் கடிதத்தை நர்ஸ் அக்கா கொடுக்க மாட்டார். மீனா கொடுப்பாள்.

முதலில் ஆபீஸ் சங்கதி. உன் கடிதம் வந்த மறுநாள் டீ நேரத்தில் எங்கள் செக்ஷனில் கேட்டுப் பார்த்தேன். பதினேழு பேர். யார் பிள்ளை எங்கே படிக்கிறது என்று. ஒருவர் பிள்ளைகூட நாம் நடத்துகிற பள்ளியில் இல்லை. ஜெகநாதன் சார் சிரித்துக்கொண்டே, "ஓட்டல்காரன் வீட்டுச் சாப்பாடுதாம்ப்பா சாப்புடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாக நானும் சிரித்திருப்பேன்.

ஃபைலில் எழுதியதை அழிக்க முடியாது. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதலாம். எழுதினேன்: "மேற்கண்ட குறிப்பு என் மனைவி எனக்கு எழுதிய சொந்தக் கடிதத்திலிருந்து நான் எடுத்தது. டி.சி. வாங்காமல் போன பிள்ளைகளின் பெயரை நீக்கத் தலைமையாசிரியருக்கு நாம் எந்த உத்தரவும் அனுப்பவில்லை. தவறு அவருடையதல்ல." கையெழுத்தும் தேதியும் போட்டேன். "பாகல் ஹோ கயா க்யா, பைத்தியமா ஒனக்கு?" என்றார் ஜெகநாதன் சார். இருக்கலாம். எனக்கும் ஒரு மெமோ வரும், வரட்டும்.

பிறகு மீனாவிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "அம்மாகிட்ட போய் அங்கயே படிக்கிறியா?" என்றேன்.

"அங்க மிஸ் யாரு?"

"அம்மாதான்."

போய்ப் பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் ஸ்கூலில் டி.சி. கேட்டபோது இரண்டு தடவை திருப்பிக் கேட்டார்கள், எந்தத் தீவு, எந்த மீடியம் என்று. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் இங்கே ஈடுகொடுக்க மாட்டாள் என்றார் பிரின்சிபால். உண்மையாகவே இருக்கலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உமா. எண்ணிக்கைக்காக அனுப்பவில்லை என்று எழுத ஆசை. அது பொய். அதற்காகவும்தான். ஆனால் அதற்கு மட்டும் இல்லை. அவளுக்கு நீ வேண்டும், மூன்று வருஷமாக நான் அதைப் பார்த்துக்கொண்டு கப்பல் அட்டவணை படிக்க விட்டிருக்கிறேன்.

ஹுஸ்னா அக்கா நேற்றிலிருந்து அழுகிறார். இன்றைக்குத் தலையில் எண்ணெய் வைத்துக் கெட்டியாகப் பின்னி, "ரெண்டு நாளைக்குத் தாங்கும்மா" என்று அனுப்பியிருக்கிறார்.

எனக்கும் டிக்கெட் கிடைத்திருக்கும். எடுக்கவில்லை. நீ வா என்று சொல்லாமல் உன் முன்னால் வந்து நிற்க எனக்கு முகமில்லை. ஜெட்டியிலிருந்து திரும்பினதும் இந்த வீட்டுக்குள் எப்படி நுழையப்போகிறேனோ, தெரியவில்லை.

முத்துராஜ்

*

மங்கல்நாலா
3 மே 2025

என்னங்க,

வந்து சேர்ந்தாள். பாதி வழி வாந்தியாம். நர்ஸ் அக்கா மடியில் படுத்தே வந்திருக்கிறாள். ஜெட்டியில் என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள், நான்தானா என்று. அந்தக் கொஞ்ச நேரத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இதற்கு நீங்களும் பொறுப்பு, நானும் பொறுப்பு, நம் அரசாங்கமும் பொறுப்பு. பிறகு வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் நெஞ்சுவரை வளர்ந்திருக்கிறாள், எழுதவேயில்லையே நீங்கள்?

வகுப்பில் பெயர் கூப்பிட்டேன். எல்லோரும் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். இவள் எழுந்து நின்று அட்டென்ஷனில் "பிரசண்ட் மேம்" என்றாள். கோகுல் சிரித்த சிரிப்பில் வகுப்பே கெட்டது. தமிழ் எழுத்தில் பாதி தெரியவில்லை அவளுக்கு. ஒரு தமிழ் டீச்சரின் பிள்ளை! தலை குனிந்து சொல்லிக்கொடுக்கிறேன்.

செல்லம் மூன்று நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் கடைக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். "பேரு எழுதிக்குங்க டீச்சர்" என்றாள். முப்பதாம் தேதி எண்ணிக்கை அனுப்பினோம். பத்து. பத்தும் மெய்யான பிள்ளைகள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. கூரைக்கு மூன்று வருஷமாக வராத பதில். மூடும் ஆர்டரை ரத்து செய்யவில்லை, ஒரு வருஷம் நிறுத்திவைத்திருக்கிறார்களாம். வடகோடி மாற்றலையும் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறார்கள். பிஸ்வாஸ் சாரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நீங்கள் எழுதின இரண்டாவது வரியைப் பற்றி அவரிடம் சொன்னேன். முதல் வரியையும் சொன்னேன். "ஆத்மி புரா நஹி ஹை, ஆபீஸ் மே ஹை" என்றார். மனுஷன் கெட்டவன் இல்லை, ஆபீஸில் இருக்கிறான் என்று. அவருக்கு இருக்கிற பெருந்தன்மை எனக்கு இல்லை.

மே விடுமுறைக்கு நாங்கள் அங்கே வர முடியாது. டீச்சர்கள் தீவை விட்டு நகரக்கூடாது, வீடு வீடாகக் கணக்கெடுப்பு என்று சர்க்குலர். பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை என்று எண்ண வேண்டுமாம்.

என் கோபம் தீரவில்லை. நீங்கள் செய்ததை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் மாதத்துக்கு இரண்டு கடிதம் வைத்து எவ்வளவுதான் கோபப்படுவது? பாதியிலேயே காகிதம் தீர்ந்துவிடுகிறது. பதினாலாம் தேதி கப்பல் இருக்கிறது, உங்கள் பெண் பார்த்துச் சொன்னாள். லீவு போட்டு டிக்கெட் எடுத்து நேரில் வந்து வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

உமா